உள்ளே இருப்பது, மதிப்பு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தேழு, மார்கழி.
குன்னூர்த் தபாலாபீசில் பகல் பன்னிரண்டுக்கு விளக்கு.
அபரஞ்சி அம்மாள் குடையை உதறிவிட்டு
என் சன்னலில் ஒரு தோல்பெட்டியை வைத்தார்.
"லண்டனுக்கு. இன்ஷ்யூர் பண்ணணும், ஜோகி."

படிவத்தில் இரண்டு கட்டம்.
உள்ளே இருப்பது. மதிப்பு.

திறந்து காட்டினார்.
கல்லில் செதுக்கிய ஒரு ராணி, பக்கவாட்டில்,
எள்ளளவு மூக்கு.
அதற்கு மேல் வைரப் பொடியில் ஒரு விண்மீன்.
சுற்றி ஓடிய எழுத்தைப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் படித்தேன்:
வானத்து ஒளியே நம் வழிகாட்டி.
வெளியே எதிர்க்கடை தெரியவில்லை.

திவான் பகதூர் வேதாசலம் போனது ஆவணியில்,
கொடியேற்றி எட்டாம் நாள்.
"ஆள் செத்தால் திருப்பித் தரணும் என்று சாசனம்.
கழுத்தில் மாட்டிய அன்றே கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.
கல்யாணத்துக்கு இரவல் நகை வாங்குவோமே,
அதுபோலத்தான். இருபத்தொரு வருஷக் கல்யாணம்."

'பதக்கம்' என்று எழுதப் போனேன்.
"எத்தனையாவது படி என்றும் எழுது."
நான் கேட்காமலே விரல் மடக்கினார்.
"முதலில் கார்ட்டர். காலுறை நழுவாமல் கட்டுகிற நாடா.
அப்புறம் திஸில், ஒரு முள்செடி.
பேட்ரிக் என்று ஒரு சாமியார்.
பாத். ஆமாம், குளியல்தான், சிரிக்காதே.
ஐந்தாவது நாங்கள், இந்திய விண்மீன்.
எங்களுக்குக் கீழே மைக்கேலும் ஜார்ஜும்,
இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்று.
அதற்கும் கீழேதான் இந்தியப் பேரரசு, ஊதா நாடா.
வெலிங்டன் ரோட்டுக் கருணாகர மேனோனுக்கு அது.
ஊட்டியில் கவர்னர் விருந்து என்றால்
அவர் சம்சாரம் எனக்குப் பின்னால்தான் உள்ளே வரணும்.
என்னைவிட நன்றாக நடப்பாள், பாவம்."

மதிப்பு? என்றேன்.

"கழுத்தில் இருந்தபோதா,
பெட்டியில் இருக்கும்போதா?"

கட்டம் அவ்வளவு பெரிதில்லை.
ஐந்நூறு என்று எழுதிக் கட்டணம் சொன்னேன்.
"நூறு போடு."

தராசில் பதினொரு தோலா.
முந்தின ஆள் அனுப்பிய கேரட் விதைப் பொட்டலம்
இதைவிடக் கனம்.
"நில்லு" என்று நாடாவை மட்டும் உருவிக்கொண்டார்.
வெளிர்நீலம், இரண்டு ஓரமும் வெள்ளை,
பிடரி பட்ட இடத்தில் கொஞ்சம் பழுப்பு.
"சாசனத்தில் நாடாவைப் பற்றி ஒன்றும் இல்லை. மூன்று முறை படித்தேன்."
மறுபடி நிறுத்தேன். கால் தோலா குறைந்தது.
கட்டணம் அதேதான்.

இழுப்பறையில் ஸ்டாம்பு இரண்டு வகை.
அரசர் தலை, பழைய இருப்பு.
போன வாரம் மலையேறி வந்த புதுசு:
கொடி, சிங்கம், ஒரு விமானம்.
மூன்றிலும் ஜெய் ஹிந்த்.
ஈரத்தில் அரசர்கள் ஒருவரோடொருவர் ஒட்டிக் கிடந்தார்கள்.
பிரித்தால் காது கிழிந்தது.

"எதை ஒட்டட்டும்?"

"எது ஒட்டுமோ அதை."

அரக்கு உருக்கி ஐந்து முத்திரை வைத்தேன்.
ஐந்தாவது கொஞ்சம் வழிந்து
விமானத்தின் வாலை மூடியது.
ராணி கோணிப்பைக்குள் இறங்கினாள்,
விதைப் பொட்டலத்தின் மேல்,
மேட்டுப்பாளையம் ரயிலுக்கு.

அம்மாள் அங்கேயே நின்று
குடையை மடித்தார். அதன் பித்தான் அறுந்து
எத்தனை மழையோ.
நீல நாடாவால் இரண்டு சுற்று, இறுக்கி ஒரு முடிச்சு.
இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

பங்குனியில் லண்டனிலிருந்து ரசீது.
பெற்றுக்கொண்டோம், நல்ல நிலையில்.
வேதாசலத்தில் ஓர் எழுத்துப் பிழை.
வாங்கி, படித்து, ரவிக்கையில் செருகிக்கொண்டு
வாசலுக்குப் போனார். கோடைமழை பிடித்துக்கொண்டது.
குடை முடிச்சு ஊறி இறுகிவிட்டது,
நகத்துக்கு அசையவில்லை.
வரிசையில் அடுத்து நின்ற மேனோன் வீட்டம்மாள்
மணியார்டர் படிவத்தையே பார்த்துக்கொண்டிருக்க,
அபரஞ்சி அம்மாள் நாடாவைப் பல்லால் கடித்து
அவிழ்த்தார்.