புள்ளி முப்பத்திநாலு

கோவிந்தாபுரம் செக்போஸ்ட் தாண்டி
மூன்றாவது வளைவில் எங்கள் வைத்தியசாலை.
மத்தியானம் கணவாய்க் காற்று வந்து
ஜன்னல் கொக்கியைப் பிடித்து ஆட்டும்.
மரப்பாத்தியில் குப்புறக் கிடக்கிறாள்
அன்னெக்ரேட்.
வயது முப்பத்தொன்பது.
வலது இடுப்பு, இடது முழங்கால்,
இருபத்தோரு நாள் உழிச்சல்.

என் சான்றிதழ் மலையாளம், வாய் தமிழ்.
அவள் கைப்பேசியில் மேனேஜர் அமைத்துக் கொடுத்தது
ஜெர்மனுக்கு மலையாளம்.
அதை நான் தமிழாக்கி
என் விரல்களுக்குச் சொல்லவேண்டும்.

கணுக்காலில் பட்டாணி அளவு எலும்பு துருத்தியிருக்கிறது.
பதினாறு வருஷம் பூட்ஸ் இறுக்கியதாம்.
தொடையில் ஒரு வெள்ளைக் கோடு:
'அவனுடைய கத்தி' என்றது கைப்பேசி.
எண்ணெய்க் கிண்ணத்தை நழுவவிட்டேன்.
பிறகு படம் போட்டுக் காட்டினாள்,
பூட்ஸின் அடியில் பொருத்திய இரும்பு,
அவன் ஆட்டக் கூட்டாளி டீலோ,
அது வெறும் செவ்வாய்க்கிழமைப் பயிற்சி.
இரும்புக்கு இரண்டு விளிம்பு, நடுவில் சின்ன ஓடை.
இரண்டிலும் சேர்ந்து நின்றால் மதிப்பெண் போச்சு,
ஏதாவது ஒன்றில் சாயவேண்டும்.
இந்த ஊரில் பிறந்தவளுக்கு
இதை விளக்கவேண்டியதில்லை.

அவர்கள் ஆட்டத்தில் பெண்ணைத் தூக்கி வீசக்கூடாது.
தூக்கினால் ஆறு நொடிக்குள் இறக்கிவிடவேண்டும்,
ஏழானால் ஒரு மதிப்பெண் வெட்டு.
"இறக்கிவிடுவதற்கும் மார்க் உண்டா?" என்றேன்.
கைப்பேசி என்னத்தைச் சொன்னதோ,
முதுகு குலுங்கச் சிரித்தாள்.

ஒன்பதாம் நாள் கபீரின் மீன் வண்டிக்குப் போய்
ஐஸ் பாளத்தை நகத்தால் கீறிப் பார்த்தாள்.
"செத்த ஐஸ்.
ஆடுவதற்கு மைனஸ் மூன்றரை வேண்டும்."
கபீர் மத்தி விலை கேட்கிறாள் என்று நினைத்து
கிலோ இருநூறு என்றான்.

தேசியப் போட்டியில் மூன்று தடவை இரண்டாமிடம்.
ஐரோப்பாவில் பதினாலு, பதினொன்று, மறுபடி பதினாலு.
கடைசி வருஷம்
ஒலிம்பிக்குக்கு ஒரு இடம், இரண்டு ஜோடி.
டீலோவோடு சேர்ந்து சுழலும் இடத்தில்
அரைவட்டம் பிந்திவிட்டாள்.
புள்ளி முப்பத்திநாலு.
டீலோ இப்போது கார் இன்சூரன்ஸ் விற்கிறான்,
கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து வரும்.

என் கை நின்றுவிட்டது.

தமிழும் மலையாளமும் அறிந்த கிளார்க் வேலை.
பி.எஸ்.சி. பட்டியலில் என் பெயர் இருபத்தேழு.
இருபத்தாறு பேரை எடுத்ததோடு
பட்டியல் காலாவதி.
பாரதப்புழை எங்கே உற்பத்தியாகிறது என்று கேட்டிருந்தார்கள்.
அதன் கிளையாற்றில் துணி துவைக்கிறவள் நான்.
விடை தெரியும்,
பக்கத்து வட்டத்தைக் கறுத்துவிட்டேன்.
தப்பான வட்டம் ஒன்றுக்கு
புள்ளி முப்பத்திமூன்று கழிப்பார்கள்.

வேறெதுவும் சொல்ல வரவில்லை,
கைப்பேசியிடம் அதை மட்டும் சொன்னேன்:
"புள்ளி முப்பத்திமூன்று."

அது ஜெர்மனில் பேசிய உடனே
விருட்டென்று தலையைத் தூக்கினாள்.
கன்னத்தில் பலகையின் தடம்.
நான் தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று நினைத்து
இல்லை, இல்லை என்று
எண்ணெய் வழியும் கையை உயர்த்தி
நாலு விரலைக் காட்டினாள்.
அத்தனை வருஷத்துக்குப் பிறகும்
அந்தக் கடைசி எண்ணை
ஒன்று குறைக்க மனசில்லை அவளுக்கு.

சரி, நாலு என்றேன்.
திரும்பிப் படுக்கச் சொன்னேன்.
இடது முழங்கால் இன்னும் பாக்கி.