தேளின் புது விலாசம்

கணைக்காலில் முதலில் ஒட்டியது என் தொடைத்தோல்,
வண்ணார்பேட்டையில் படியில் நின்ற என்னைத்
தடுப்புச் சுவர் உரசிய வருசம்.
கல்லிடைக்குறிச்சி அப்பளம் மாதிரி மெலிசு.
சீட்டுக்கால் இடித்தால் உடையும்,
கூட்டத்தில் யார் பை பட்டாலும் உடையும்.
மாதம் ரெண்டு தரம் ரத்தம் காக்கிக்குள் ஊறி
சேரன்மகாதேவி வரைக்கும் என்னோடு வரும்,
டிக்கெட் எடுக்காமல்.

"பக்கத்துத் தோலையே வளத்துக் கொண்டாந்துருவோம்"
என்றார் ஹைகிரவுண்டு டாக்டர் ஜெபக்கனி,
கருவேப்பிலைக் கன்று பற்றிப் பேசுவதுபோல்.

கெண்டைக்கால் உள்பக்கம் கீறி
சப்பையான பலூன் ஒன்றைப் படுக்கவைத்தார்கள்.
அதற்கு மேலே,
சொரிமுத்தையனார் கோயில் ஆடி அமாவாசைக் கூட்டத்தில்
பதினாலு வயதில் குத்திக்கொண்ட பச்சைத் தேள்.

செவ்வாய்தோறும் உப்புத் தண்ணீர்.
இருபது மில்லி. மறுவாரம் இருபது.
டிக்கெட் கிழித்த விரல் சும்மா இருக்குமா,
காலண்டர் ஓரத்தில் கூட்டிக்கொண்டே வந்தேன்.
நாற்பதில் தேளுக்கு உடம்பு தடித்தது.
எண்பதில் கால்கள் விலகி நின்றன.
ஐந்தாம் வாரம் தோல் வெளுத்தது. பல்லைக் கடித்தேன்.
சிரிஞ்சு பத்து மில்லியைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டது.
கணக்கை அடித்து எழுதிய ஒரே வாரம்.

"இழுத்தா பிஞ்சுரும்லா?"
"இழுக்கல. எடம் குடுக்கோம். அதுவா வளருது."

பேட்டை வீட்டில் பகல் முழுக்க இருக்கிறவன் ஆனேன்.
எதிரே பீடித் தட்டோடு உலகம்மாள்.
இலை வெட்டிக் கொடுத்தேன், பாதி கோணல்.
ஒருநாள் சுற்றுவதை நிறுத்தி
வீங்கிய காலையே பார்த்திருந்துவிட்டுச் சொன்னாள்:
"எனக்கும் ரெண்டு தடவ வயிறு இப்படித்தான் மினுமினுத்துச்சு.
யாரும் பத்து மில்லி கொறச்சு விடல."
கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன்.
கொஞ்ச நேரம் கழித்து எடுத்தேன்.

பதினொன்றாம் வாரம் ஆபரேஷன்.
பலூன் போயிற்று, அப்பளம் போயிற்று.
வளர்ந்த தோல் எலும்பைச் சுற்றி முன்னால் வந்தது
தேளையும் கூட்டிக்கொண்டு.
வால் இப்போது முன்னெலும்பின் மேல்.
ஒரு கால் தையலுக்குள் காணோம்.

மறுபடியும் ஐந்து மணி டிரிப்.
சீட்டுக்கால் இடிக்கிறது, உடைவதில்லை.
ஆனால் தோலுக்கு இன்னும் தான் இடம் மாறியது தெரியாது.
ராத்திரி கொசு முன்னால் கடிக்க
கை பின்னால் போய்ச் சொறிகிறது,
சொறிந்தும் தீராமல் யாரையோ ஏசுகிறேன்.
உலகம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்து
முன்னால் கொண்டுவந்து வைக்கிறாள்.
"இங்கன" என்கிறாள், பாதித் தூக்கத்தில்.