இடது கண்ணுக்கான தேதி

வலது கண்ணில் புரை எடுத்த மறுநாள்
ஹல் துறைமுகத்துப் பழைய மீன்கிடங்கில்
தன் ஓவியங்கள் முன் நின்று
ரோவெனா ஆக்ராய்ட்
வாய்விட்டுச் சிரித்தாள்.

ஏழு வருடமாய் வெள்ளையென்று
பூசியதெல்லாம் நீலம்.

வடகடலின் துக்கம் என்று எழுதியிருந்தார்கள்.
லீட்ஸில் ஒரு வங்கி
அந்தத் துக்கத்தை வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது.

இப்போது பெரிய கித்தான்.
வலது கண்ணை மூடி ஒரு பட்டை,
இடதை மூடி அதன்மேல் இன்னொன்று.
இரண்டும் ஒத்துப்போகாத இடத்தைக்
கத்தியால் சுரண்டுகிறாள்,
செதில் எடுப்பதுபோல.

"எந்தப் பக்கம் மேலே?"
வேன்காரன் டெஸ்மண்ட் கேட்கிறான்.
ஈரம் காயலை, வியாழன் வா என்கிறாள்.

டர்பன்டைன் புட்டிக்கடியில்
மருத்துவமனைக் கடிதம்.
இடது கண்ணுக்குத் தேதி குறித்த வரிமேல்தான்
தூரிகையைத் துடைத்திருக்கிறாள்.

என் கண்ணுக்கு அது வெள்ளைதான்.