பதினோராம் கட்டம்

விண்ணப்பத்தின் பதினோராம் கட்டம் கேட்கிறது:
பெற்றோர் இக்கல்லூரியில் பயின்றவரா? ஆண்டு?

அதை நீக்கலாமா என்றுதான் இன்று கூட்டம்.
ஊட்டியில் ஜனவரி. ஹீட்டர் ஒன்றே ஒன்று,
அதுவும் தலைவரின் காலடியில்.

பழைய மாணவியர் சார்பில் நான்.
அம்மா அறுபத்திரண்டு. நான் எண்பத்தொன்பது.
மகள் போன ஜூன்.

பொருளாளர் அருள்தாசன் கூரையைக் காட்டிப் பேசினார்.
"இந்த ஓடு யார் போட்டது? இந்த பெஞ்சு?
வீட்டுப் பிள்ளைக்கு வீட்டிலேயே இடமில்லையென்றால்
நாளைக்கு யார் சார் செக் எழுதுவார்கள்?"
போன மழையில் விடுதிச் சுவர் சரிந்தபோது
சொந்தப் பணத்தில் லாரி லாரியாக ஜல்லி இறக்கினவர் அவர்.
அதனால் யாரும் குறுக்கே பேசவில்லை.

தாவரவியல் சுமித்ரா பெள்ளி
உறைபனியைப் பற்றிச் சொன்னாள்.
இரவில் குளிர் சரிவோடு வழிந்து பள்ளத்தில் தேங்கும்.
விடிந்து பார்த்தால் கீழ்வரிசைத் தேயிலை கருகிக் கிடக்கும்,
மேல்வரிசை பச்சையாக நிற்கும்.
ஒரே நாற்றங்கால். ஒரே நாளில் நட்டது.
"மேட்டுச் செடிக்குப் பரிசு கொடுக்கிறோம் சார்,
மேட்டில் இருந்ததற்கு."

யாரோ இருமினார்கள். டீ வந்தது.

எனக்கு ஒரு பெயர் தெரியும்.
தெரிந்திருக்கக் கூடாது;
அன்றைக்குப் பட்டியல் மேசைமேல் திறந்து கிடந்தது.
காத்திருப்போர், முதலாவது:
சி. யோகமலர், டான்டீ லைன், சேரம்பாடி.
என் மகளைவிடப் பதினாலு மதிப்பெண் கூட.
அவள் விண்ணப்பத்தில் பதினோராம் கட்டத்தில்
ஸ்கேல் வைத்து இழுத்த ஒரு கோடு.
காலியாக விட மனமில்லாமல்
அவ்வளவு நேராக.

சாயங்காலம் சேரிங்கிராஸில் கேக் வாங்கிக்கொண்டு
வீட்டுக்குப் போனேன்.

வாக்கெடுப்பு மூன்றுக்கு மூன்று.
எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
கை தூக்கினேன், நீக்கலாம் என்று.

சுமித்ரா என் விரல்களைப் பிடித்து அழுத்தினாள்:
"உங்களுக்குப் பெரிய மனசு மேடம்."

எனக்கு ஒரே மகள்.
அந்தக் கட்டத்தால் இனி எனக்கு
ஆகவேண்டியது ஒன்றுமில்லை.

எழுத்தர் வாசித்துக் காட்டினார்:
தீர்மானம் வரும் ஆண்டு முதல் அமலாகும்,
முன்தேதியிட்டுச் செல்லாது.
ஆட்சேபணை உண்டா?

இதற்குள் யாரோ ஹீட்டரை
என் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள்.
கால் கதகதப்பாக இருந்தது.