ஆறாவது நிபந்தனை

டைக் வீதி வீட்டு ஒப்பந்தத்தில் ஆறாவது நிபந்தனை:
நிலத்தைத் தோண்டவோ மரம் நடவோ கூடாது.
ஐந்தாவது, சுவரில் ஆணி.
இரண்டுக்கும் கீழே கையெழுத்து வைத்தேன்,
பதினொரு மாதத்துக்கு,
முத்திரைமேல் பேனா வழுக்க.

ஆகவே வாளிகள்.
பெயின்ற் கடை வாசலில் கிடந்தவை இரண்டு,
ஒன்றின் உட்புறம் இன்னும் ஒரு வளையம்,
யாரோ வீட்டு நீலம்.
மா மூட்டைப் பைகள், அடி ஓட்டையான அலுமினியக் குண்டான்,
ஐஸ் கொம்பனிக்குப் பின்னால் கேட்டு வாங்கிய
மூலை உடைந்த றெஜிபோம் பெட்டி.
அதை மூன்று நாள் கழுவினேன்.
சூரை மணம் போனது. உப்பு போகவில்லை.
முதல் போட்ட கீரை
முளைத்த கையோடு ஓரம் கருகிச் சொன்னது.
நாலாம் முறை கழுவினேன்.

மண்ணும் காசுக்குத்தான்.
கன்னியாப் பக்கமிருந்து லான்ட்மாஸ்டரில் வரும் செம்மண்.
கடலோரத்தில் இருந்துகொண்டு
மண்ணைப் பையில் வாங்குகிறாள் என்று
எதிர்வீட்டில் சிரித்தார்கள்.

மான்களைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒன்றும் இல்லை.
பஸ் நிலையத்தில் வாழைப்பழத் தோலை முடித்துவிட்டு
பின்னிரவில் வரும்.
வெளியூர்க்காரர் படம் எடுக்கும் மான் வேறு,
எனக்குத் தெரிந்த மான் வேறு.
ஒரே இரவில் பயிற்றங்கொடி முழுவதும்,
வெண்டி,
வெண்டிக்கு முட்டுக் கட்டிய சணல்கூட.
கதவைத் திறந்தேன். ஓடவில்லை.
மென்றபடியே பார்த்தது,
வாடகை கேட்க வந்த முகத்தோடு.

மறுநாள் எல்லாம் மொட்டைமாடிக்கு.
கீழ்வீட்டு பௌசியாவும் நானும்
படிக்குப் படி வைத்து மூச்சு வாங்கி ஏற்றினோம்.
கூலியாக அவள் கேட்டது கொச்சிக்காய்.
முதல் காய் வேண்டாமாம்,
"காரம் பிடிச்ச பிறகு தாங்க."

மேலே வேறு கணக்கு.
கச்சான் இலையைப் பொரிக்கும்.
வாடை உப்பைக் கொண்டுவந்து ஒட்டும்.
உடுப்பு அலசுவது போல
இலை இலையாக நல்ல தண்ணீரில் அலசினேன்.
கத்தரி பழகிக்கொண்டது.
தக்காளி பழகவே இல்லை; ஐந்து காய்,
அதிலும் இரண்டு அணிலுக்கு.
கடையில் உரம் இல்லாத வருடம் அது.
அரிசி கழுவிய தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர்,
தேயிலைச் சக்கை,
பௌசியா வீட்டு முட்டைக்கோது.

கறிவேப்பிலை மட்டும் கீழே, குழாயடியில்,
நீல வளையம் உள்ள வாளியில்.
மான் அதை முகர்ந்துவிட்டுப் போய்விடும்.

பிறகு வீடு மாறும் நாள்.
லொறிக்காரப் பெடியன் எண்ணினான்:
கட்டில் இரண்டு, அலுமாரி ஒன்று,
"தோட்டம் எத்தனை அக்கா?"
பத்தொன்பது.

பதினெட்டு ஏறிவிட்டது.
கறிவேப்பிலையைத் தூக்கினேன், வரவில்லை.
அவனும் பிடித்தான், வரவில்லை.
குனிந்து பார்த்தோம்.
தண்ணீர் வடிய நான் இட்ட துளை வழியே
சுண்டுவிரல் தடிப்பில் ஒரு வேர்
வீட்டுக்காரரின் நிலத்துக்குள் இறங்கியிருந்தது.
ஆறாவது நிபந்தனையை
நான் அதற்கு வாசித்துக் காட்டவில்லை.

பெடியன் சீற்றுக்கு அடியிலிருந்து கத்தியை எடுத்தான்.
நுனியில் புதுத் தளிர், எண்ணெய் தடவியது போல.
"பதினெட்டுக் காணும், எடுங்கோ லொறியை."

ஒன்பதாம் நாள்
வீட்டுக்காரர் பேரம்பலநாதன் போன் எடுத்தார்.
"ஆணித்துளை மூண்டு.
அட்வான்ஸில ஆயிரத்தைந்நூறு கழிச்சிருக்கு."
ஓம் என்றேன்.
"குழாயடியில ஒரு வாளி."
இழுத்துப் பாருங்கோ ஐயா என்றேன்.
"இழுத்தன். வாளி வெடிச்சுப் போச்சு. மரம் நிக்குது."

கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் பேச்சில்லை.
அவர் பக்கத்தில் குழாய் சொட்டுவது கேட்டது.
அந்த வாசரை நான்தான் மாற்றியிருக்க வேண்டும்.

"இதுக்கு என்ன ஊத்துறனீங்கள்?"

மீன் கழுவின தண்ணி என்றேன்.

"நாங்கள் மச்சம் தொடுறேல்ல,"
என்று சொல்லி,
அப்ப அரிசி கழுவினது என்று நான் தொடங்குமுன்னே
வைத்துவிட்டார்.