இரண்டு வருசத்து டயர்

தங்கச்சிமடம் – உச்சிப்புளி
போக வர அறுபது.
மழையில் ஒருநாள், பாலத்து இரும்பு இணைப்பில்
பின்சக்கரம் என்னை விட்டுத்
தனியே போகப் பார்த்தது.

"இது கவ்விப் பிடிக்கும், பத்து மாசம்தான்.
அது லடாக் போறவங்க போடுறது.
நடுவுல கெட்டி, ஓரம் இளக்கம்.
ரெண்டு வருசம் உழைக்கும்"
என்றார் சீனிநைனா.

கழற்றிய டயரைத் தடவினேன்.
நடுவில் வழுக்கை.
ஓரத்தில் மட்டும் ரப்பர் மயிர்
வாங்கிய அன்று போலவே.
மண்டபம் தாண்டினால்
சாய்ந்து திரும்ப எங்கே இருக்கிறது வளைவு?

ஒரு கருவேல முள்
எத்தனை நாளாய் என்னோடு
வேலைக்கு வந்ததோ.

பையில் இடமாறுதல் மனு,
மூன்றாம் முறை எழுதியது.

லடாக்கையே மாட்டச் சொன்னேன்.

காற்று அளவு குறிக்கத் தாள் கேட்டார்.
மனுவின் முதுகைக் காட்டினேன்:
முன் 28, பின் 32.

"புதுசு வழுக்கும் ஜெனோவாக்கா,
முதல் நூறு கிலோமீட்டர்
பாத்துப் போங்க."