முப்பத்திரண்டு பைட்

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்கு மெருகேற்றும் பட்டறை,
அதன் மாடியில் ரஹ்மத்தின் கணினி.
கீழே மோட்டார் ஓடினால் மேசை அதிரும்,
மேசை அதிர்ந்தால் ஒயர் கழலும்.
சூரமங்கலத்தில் மாதேசு வீட்டு ஃபிரிட்ஜ்மேல் இன்னொன்று.
அம்மாபேட்டையில் என்னுடையது, கிழடு,
ஃபேனுக்கு நேரே வைத்தால்தான் மூச்சு விடும்.
நான்காவது மேலே, ஏற்காட்டில்,
நாகலூர் ரோட்டில் மிளகு மூட்டை அடுக்கும் அறையில்
பெனிட்டாவோடு.

நால்வருக்கும் ஒரே தொடக்கக் கோப்பு.
அதில் ஓர் எண் பிசகினாலும்
‘உன்னை யாரென்றே தெரியாது’ என்றுவிடும் இயந்திரங்கள்.
மூன்று ராத்திரி அப்படித்தான் சொல்லின.
நாலாம் நாள் விடிகாலை
‘கூட்டாளிகள்: 3’ என்று திரையில் வந்தபோது
ரஹ்மத் போட்ட கூச்சலில்
பட்டறை நாய் எழுந்து குரைத்தது
போனில் எனக்குக் கேட்டது.

நாணயத்தின் பெயர் தட்டுவடை.
தலைக்கு ஒரு லட்சம்.
கடையில் செல்லாத காசில்
எத்தனை தாராளம் எங்களுக்கு:
கொட்டாவி விட்டவனுக்கு ஐந்நூறு,
கொட்டாவியைத் தொற்றவைத்ததற்கு அபராதம் ஆயிரம்.
நிஜக் கடனை மட்டும் யாரும் அதில் ஏற்றவில்லை.
ரஹ்மத்துக்கு ரூட்டர் வாங்கிய எண்ணூறு,
என் தேர்வுக் கட்டணம் ஆயிரத்து இருநூறு,
மாதேசு பைக்கோடு விழுந்த இரவு
ஆஸ்பத்திரியில் கட்டிய ஒன்பதாயிரம்.
எல்லாம் பெனிட்டாவின் பணம்.
அவளும் பேசியதில்லை, நாங்களும்.

ஐப்பசி மழையில் மலைப்பாதையில் மரம் சாய்ந்து
ஃபைபர் அறுந்தது. இரண்டு நாள்.
கரண்ட் மட்டும் எப்படியோ இருந்தது.
மூடுபனிக்குள் அவள் கணினி
உலகத்தில் தான் ஒன்றுதான் என்ற நினைப்பில்
பிளாக்மேல் பிளாக்காய்க் கணக்கு எழுதிக்கொண்டிருந்தது.
கீழே நாங்கள் மூவரும் வேறு கணக்கு.
இணைப்பு வந்ததும்
நீண்ட சங்கிலி நின்றது,
குட்டையானது கழிந்தது.
“என்னோடது மொத்தமும் போச்சு” என்றாள்.
சிரிக்கிறாள் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மேலே போனேன், பதிவுகளை எடுக்க.
பதிமூன்றாவது கொண்டை ஊசியில்
குரங்கு என் பிஸ்கட் பாக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டது.
அவள் வாசலில் சாக்கு உதறிக்கொண்டிருந்தாள்.
உள்ளே, கழிந்த பிளாக்குகளைத் திறந்தேன்.

பிளாக்கைத் தோண்டியவர் குறிப்பு எழுத ஒரு பொந்து உண்டு:
முப்பத்திரண்டு பைட்.
ஆங்கிலத்துக்கு அது பெரிய வீடு.
தமிழில் எழுத்துக்கு மூன்று போய்விடும்,
தலையில் வைக்கும் புள்ளிக்கும் தனியாக மூன்று.
அந்த இரண்டு நாளும், ஒவ்வொரு பிளாக்கிலும்,
ஒரே வாசகம்:
கடன் இல்லை

விரல்விட்டு எண்ணினேன். இருபத்தெட்டு.
மீதி நான்கு.
ஓர் இடைவெளி, ஓர் எழுத்து கொள்ளும்.
ரஹ்மத்துக்கென்றால் ‘ர’ போட்டிருக்கலாம்.
நான் அருள்செழியன், எனக்கு ‘அ’.
மாதேசுக்கு ‘மா’ வேண்டும்,
துணைக்காலும் மூன்று கேட்கும்,
இடம் பற்றாது.
இடம் பற்றாததால்தான் பெயர் இல்லையா,
இல்லை, பெயரே வேண்டாமென்றா?
நிமிர்ந்தால், சாக்கோடு கதவருகே அவள்
என் விரல்களையே பார்த்துக்கொண்டு.

“யாருக்கு இது?”
“அதுவா? சும்மா, டெஸ்டிங்.”

இறங்கும்போது மாதேசு கூப்பிட்டான்:
அழிச்சுட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாமா,
என் தட்டுவடை எல்லாம் தீந்துடுச்சு.
சரி என்றேன்.
அடிவாரத்து டீக்கடையில் வண்டியை நிறுத்தி
ஆயிரத்து இருநூறை அவளுக்கு அனுப்பினேன், நிஜப் பணம்,
குறிப்பில் ஒன்றும் எழுதாமல்.

டீ ஆறுமுன் பணம் திரும்பி வந்தது.
குறிப்பு: அ

மாதேசிடம் இதுவரை சொல்லவில்லை.